முப்பதுக்குப் பின் கணக்கியல்: உடுப்பிட்டியிலிருந்து ஒரு பழைய கேள்வி

கேட்பவர்கள்

முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிற வேலையை விட்டுக் கணக்கியலுக்கு மாறலாமா? மாறுவதென்றால் எந்தத் தகைமையைப் பிடிப்பது?

உடுப்பிட்டியிலோ நெல்லியடியிலோ இதைக் கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். கலைப்பட்டம் முடித்து நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தராகி, செய்வதற்கு அதிகம் இல்லாத மேசையில் இருப்பவர் ஒருவர். போருக்குப் பின் வந்த தொண்டு நிறுவனத்தில் வேலை செய்து, அது திட்டத்தை முடித்துக்கொண்டு போனபின் வெறுங்கையோடு நிற்பவர் இன்னொருவர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தும் பொறியியல் பீடத்துக்குப் புள்ளி போதாமல் வேறெதிலோ பத்து வருடம் கழித்தவரும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் தனக்கென்று ஒரு வருமானம் தேடும் தாயும் இதையே கேட்கிறார்கள். தனியார் கல்வி நிலையங்களின் சுவரொட்டிகள் நால்வருக்கும் ஒரே விடையைத் தருகின்றன.

கேள்வி புதியதல்ல. இவ்வூர்கள் இருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் அது நூறாண்டுக்கு மேலாக வெவ்வேறு பெயர்களில் உலவி வந்திருக்கிறது. கிடைத்த விடைகளும் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு குறை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: பரீட்சையைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள், தொழிலைப் பழகும் இடத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

உத்தியோகம் என்ற விடை

முதல் விடை ஆங்கிலக் கல்வியோடு வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடுப்பிட்டியில் தங்கள் நிலையங்களில் ஒன்றை நிறுவினர். இன்றைய உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரி அந்த வழியில் வந்தது. இத்தகைய பள்ளிக்கூடங்கள் கொடுத்த ஆங்கிலமும் எண்கணிதமும் குடாநாட்டு இளைஞர்களைக் கச்சேரிக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கும் தபால் கந்தோருக்கும் கொண்டுபோயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரத, எழுதுவினைஞர் பதவிகளுக்கும் யாழ்ப்பாணத்தார் கப்பலேறினர். ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்' கட்டிய கல்வீடுகள் அந்த விடைக்கு நேர்ச்சாட்சியாக நின்றன. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற சொல் எழுந்ததும் இந்தச் சூழலில்தான்.

அந்தக் காலத்தில் கணக்கு தனித் தொழிலாகக் கருதப்படவில்லை. உத்தியோகத்துக்குள் ஒரு கூறாக இருந்தது. இளம் கிளாக்கர் தலைமைக் கிளாக்கரின் பக்கத்தில் இருந்து காசேட்டையும் பேரேட்டையும் பழகினார். நுழைவுப் பரீட்சை சிறியது. பழகிய காலம் நீண்டது. அந்தக் காலம் முழுவதும் சம்பளம் கிடைத்தது. இந்த ஏற்பாட்டின் அருமையைப் பின்வந்த தலைமுறைகள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் நினைவில் வைத்திருந்தது பென்சனை மட்டும்தான்.

இந்த விடையின் பலவீனம் வெளிப்படையானது. அது அரசின் கையில் தொங்கியது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் வந்ததும் தமிழ் எழுதுவினைஞரின் நியமனமும் பதவி உயர்வும் சிங்களத் தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டன. இன்றும் பலர் இந்த விடையையே முதலில் நாடுகிறார்கள். ஆனால் முப்பதைத் தாண்டியவருக்கு அரச சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைகள் பெரும்பாலும் வயதெல்லையால் மூடியிருக்கின்றன. இலங்கைக் கணக்காளர் சேவையும் அதற்கு விலக்கல்ல. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்க்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்ற பக்கவழி இருக்கிறது. மேலே சொன்ன அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையை உதறுமுன் அதற்கான நிபந்தனைகளை வாசித்துவிடுவது நல்லது.

கொழும்புக் கொம்பனி என்ற விடை

இரண்டாவது விடை அரசுக்கு வெளியே பார்த்தது. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தை உருவாக்கியது. கொழும்பு வர்த்தக நிறுவனங்களின் மொழி அப்போதும் ஆங்கிலமாகவே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசல் சுருங்கியபோது தொழில்சார் பரீட்சைகள், குறிப்பாக லண்டன் பரீட்சைகள், மாற்றுவழியாயின. விண்ணப்பிப்பவர் எந்த மாவட்டம், எந்த மொழி மூலம் என்று அவை கேட்கவில்லை. இந்த நடுநிலைமை அன்றைய தமிழ் இளைஞருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

1983இன் வன்செயல்களுக்குப் பிறகு இந்த விடைக்கு இன்னொரு வலு சேர்ந்தது. வீட்டையும் கடையையும் எரிக்கலாம். தகைமையை எரிக்க முடியாது. முகாமைக் கணக்காளர் தகைமையான சீமாவையோ பட்டயக் கணக்காளர் தகைமையான சி.ஏ.யையோ முடித்தவர்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும், வளைகுடாவுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போனார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களில் 'எக்கவுண்டன்ற்' என்ற சொல்லுக்கு இன்றுவரை இருக்கும் மதிப்பின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் இந்த விடையை 2020களின் உடுப்பிட்டிக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டுவர முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நாம் காண்பது கரையேறியவர்களை மட்டுமே. பாதியில் விட்டவர்கள் கண்ணில் படுவதில்லை. இரண்டாவது, அவர்கள் பத்தொன்பது, இருபது வயதில் வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டு அறையில் தங்கிப் படித்தவர்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ரியூசன் காசும் தோளில் இருந்தவர்கள் அல்லர். மூன்றாவது காரணம் ஆழமானது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படித்த பாட்டனுக்கு லண்டன் வினாத்தாள் அந்நியமாக இருக்கவில்லை. சுயமொழிக் கல்விக்குப் பின் பிறந்த பேரன் கணக்கீட்டிலும் பொருளியலிலும் தமிழில் ஏ சித்தி பெற்றிருப்பான். அவனால் ஐந்தொகையைப் பிழையின்றிச் சமப்படுத்த முடியும். ஒரு நிறுவனத்தின் பண நெருக்கடியைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வாதிட்டு எழுதுவது வேறு வேலை. தொழில்சார் பரீட்சைகளின் மேல்நிலைகள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். தமிழ் மூலத்தில் பல்லாயிரம் பிள்ளைகளுக்குச் சுயமொழிக் கல்வி திறந்த கதவுகளை இங்கு மறக்கவில்லை. மாறுபவரின் கணக்கில் ஆங்கிலத்துக்கென்று ஓராண்டாவது எழுதப்படவேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுவது.

சான்றிதழ் நோய் என்ற மறுப்பு

மூன்றாவது நிலைப்பாடு முழு முயற்சியையும் ஐயத்தோடு பார்க்கிறது. அதன் முதன்மையான குரல்களில் ஒன்று இலங்கையை நேரில் பார்த்து எழுந்தது என்பது நமக்கு முக்கியம். 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு இலங்கையின் வேலையின்மை பற்றி அறிக்கை தந்தது. படித்த இளைஞரின் எதிர்பார்ப்பும் நாட்டில் இருந்த வேலைகளும் பொருந்தவில்லை என்பது அதன் மையக் கருத்து. 1976இல் றொனால்ட் டோர் எழுதிய 'சான்றிதழ் நோய்' என்று பொருள்படும் நூல் பிரித்தானியா, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டது. பிந்தி அபிவிருத்திக்கு வரும் நாடுகளில் வேலைக்கு ஆள் எடுக்கச் சான்றிதழ் அளவுக்கு மீறிப் பயன்படுகிறது, அதே வேலைக்குக் கேட்கப்படும் தகைமை ஏறிக்கொண்டே போகிறது, பள்ளிக்கூடம் பரீட்சைக் கூடமாகிவிடுகிறது என்று அவர் வாதிட்டார்.

பொருளியலாளர்களுக்குள்ளும் இதை ஒத்த பிணக்கு உண்டு. கரி பெக்கர் 1964இல் கல்வியை மனிதரில் இடும் முதலீடாகப் பார்த்தார்: படித்தவர் கூடுதலாகச் செய்ய வல்லவர், ஆகவே கூடுதல் சம்பளம். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் இன்னொரு விளக்கம் தந்தார்: சான்றிதழ் ஒரு சமிக்ஞை; திறமையை உண்டாக்காவிட்டாலும் இருப்பதை முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும். மாறுபவருக்கு இந்தப் பிணக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பெக்கர் சரியென்றால் முப்பத்தைந்து வயதில் இடும் முதலீட்டை மீட்க இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. ஸ்பென்ஸ் சரியென்றால் பிந்திக் காட்டிய சமிக்ஞையை முதலாளி அதே மதிப்போடு எடுத்துக்கொள்வாரா என்ற ஐயம் எழுகிறது.

டோரின் வாதத்தின் கூர்மை யாழ்ப்பாணத்தில் இன்னும் மழுங்கவில்லை. முன்பு சாதாரண தரச் சித்தியோடு செய்த வேலைகளுக்கு இப்போது பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அவர் குறிவைத்தது பெரும்பாலும் பள்ளிக்கூடச் சான்றிதழை. வேலையோடு ஒட்டிய தொழில்சார் பரீட்சையை அதே கூடையில் போடுவது நியாயமாகாது. அவர் முன்வைத்த பரிகாரமும் கவனிக்கத்தக்கது: இளவயதிலேயே வேலைக்குள் போய், வேலை செய்தபடி கற்கவேண்டும் என்றார். பழைய கிளாக்கர் பழகிய முறைக்கு அது மிக அருகில் வருகிறது. சான்றிதழைத் தாக்கியவரும் கடைசியில் தொழில் பழகும் மேசைக்கே வந்து சேர்கிறார்.

வேலி போட்டவர்கள்

கணக்காளர் சங்கங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் அந்த மேசையின் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். எடின்பரோவின் கணக்காளர்கள் 1854இல் அரச பட்டயம் பெற்றனர். இங்கிலாந்து, வேல்ஸ் நிறுவகம் 1880இல். இங்கிலாந்தில் அந்தச் சங்கத்துக்குள் நுழைய ஒப்பந்தப் பயிலுநராக ஒரு கணக்காளரிடம் சேரவேண்டும். சேர்வதற்குப் பயிலுநரின் குடும்பம் அவருக்குத் தட்சணைபோல ஒரு தொகை கட்டவேண்டியிருந்தது. பரீட்சை கடினம்தான், ஆனால் வசதியில்லாத பிள்ளையைத் தடுத்தது அந்த மேசையின் விலை. இதை உடைக்கவே 1904இல் லண்டனில் ஒரு திறந்த சங்கம் தொடங்கப்பட்டது. இன்றைய ஏ.சி.சி.ஏ. அதிலிருந்து வந்தது. 1909இல் எதெல் பேர்டி என்ற பெண்ணை உறுப்பினராக ஏற்றதும் அந்தச் சங்கமே.

மகாலி லார்சன் போன்ற சமூகவியலாளர் 1970களிலிருந்து தொழில்சார் சங்கங்களை இந்தக் கோணத்தில் வாசித்தனர்: தரம் காப்பது ஒரு பணி, ஆள்தொகையைக் கட்டுப்படுத்துவது இன்னொரு பணி. இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் வேலி முழுவதையும் சதியாகப் பார்ப்பவர்கள், பிழையான கணக்காய்வால் சேமிப்பை இழப்பவரின் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இலங்கைச் சட்டத்தில் வேலி எங்கே நிற்கிறது என்பது மாறுபவர் அறியவேண்டிய விடயம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனியின் கணக்காய்வாளராக இருப்பதற்குப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினராகவோ பதிவுசெய்யப்பட்ட கணக்காய்வாளராகவோ இருக்கவேண்டும். கணக்கு எழுதுவதற்கோ, சம்பளப் பட்டியலும் வங்கி இணக்கக் கூற்றும் தயாரிப்பதற்கோ, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதத்தையும் முதலாளியின் 12 சதவீதத்தையும் கணக்கிட்டுச் செலுத்துவதற்கோ அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. கணக்காய்வுக் கையொப்பம் வேண்டுமா, கணக்கு வேலை வேண்டுமா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் தகைமைகளின் நீண்ட பட்டியல் தானாகச் சுருங்கும்.

இரண்டாவதை வேண்டுபவருக்குக் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் தகைமையான ஏ.ஏ.ரி. போதிய தொடக்கமாகத் தோன்றுகிறது. தமிழிலும் எழுதலாம், படிக்கும் காலம் ஒப்பீட்டில் குறுகியது, அதை முடித்தவர் விரும்பினால் மேலே ஏறலாம். ஏ.சி.சி.ஏ.யின் 2018க்குப் பிந்திய பாடத்திட்டம் 13 தாள்களைக் கேட்கிறது; சீமாவின் 2019 பாடத்திட்டம் தொடக்கச் சான்றிதழுக்கு 4, அதன்மேல் 12. பட்டதாரிகளுக்குச் சில தாள்களில் விலக்குக் கிடைக்கும். ஆனால் கட்டணம் பவுணில். 2022 மார்ச்சில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து கிளம்பிச் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது, பாதிவழியில் நின்ற மாணவருக்கு மீதித் தாள்களின் செலவும் அதே வேகத்தில் ஏறியது. நடுவயதில் மாறுபவர் இந்த அபாயத்தைத் தன் வரவு செலவில் எழுதியே ஆகவேண்டும்.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடுமா

இந்த அச்சத்துக்குப் புகழ்பெற்ற இலக்கங்கள் உண்டு. 2013இல் பிறே, ஒஸ்போண் என்ற ஆய்வாளர்கள் 702 தொழில்களைக் கணித்தபோது, கணக்காளர், கணக்காய்வாளர் வேலை தன்னியக்கமாகும் வாய்ப்பை 94 சதவீதம் என்றும் கணக்கெழுதும் லிகிதர் வேலையின் வாய்ப்பை 98 என்றும் போட்டனர். 2016இல் வேறு ஆய்வாளர்கள் தொழிலை அதன் தனித்தனிப் பணிகளாகப் பிரித்துக் கணித்தபோது, வளர்ந்த நாடுகளில் உயர் அபாயத்தில் உள்ள வேலைகள் சராசரியாக 9 சதவீதம் என்றே வந்தது. முறையை மாற்றியதும் இவ்வளவு தூரம் விலகும் இலக்கத்தை வைத்து ஒருவர் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது. பதிவு போடும் வேலை சுருங்கும், பதிவைச் சரிபார்த்து விளக்கும் வேலை நிலைக்கும் என்ற அளவில் மட்டும் உடன்பாடு இருப்பதாகச் சொல்லலாம். வெறும் பதிவாளராக நின்றுவிட எண்ணி மாறுவது ஆபத்தானது.

பயிற்சி மேசை

இனி இக்கட்டுரை தொடக்கத்தில் சுட்டிய குறைக்கு வருவோம். பரீட்சை குடாநாட்டுக்கு வந்துவிட்டது. பாடநூல் கைபேசியில் கிடைக்கிறது. விரிவுரையை உடுப்பிட்டியிலிருந்தபடி கேட்கலாம். கணினிவழிப் பரீட்சைகளும் பரவிவிட்டன. வராதது பயிற்சி. பட்டயக் கணக்காளராவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்றில் மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். ஏ.சி.சி.ஏ. 36 மாத அனுபவத்தைக் கேட்கிறது. அதைத் தகைமை பெற்ற கணக்காளர் ஒருவர் மேற்பார்த்து உறுதிப்படுத்தவேண்டும். இத்தகைய மேசைகளில் மிகப் பெரும்பாலானவை கொழும்பில் இருக்கின்றன. உடுப்பிட்டியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர்.

இருபது வயதுப் பையனுக்கு இது இரவு பஸ்ஸும் வாடகை அறையும். முப்பத்தைந்து வயதுத் தாய்க்கு இதுவே முடிவான தடை. பயிற்சிக் காலப் படி ஒரு குடும்பத்தைத் தாங்குமளவு இராது. போர் இந்த இடைவெளியை அகலமாக்கியது. தெற்கோடு இணைக்கும் வீதி மூடப்பட்டிருந்த காலங்களில், குறிப்பாக 2006 ஓகஸ்ட் முதல் 2009 வரையும் ஏ9 மூடியிருந்தபோது, குடாநாட்டில் தனியார் நிறுவனங்கள் வளரவில்லை. நிறுவனம் வளராத இடத்தில் அதன் கணக்கைத் தணிக்கை செய்யும் அலுவலகமும் வளராது. தகைமை பெற்றவர்கள் வெளியே போனார்கள். திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்கு மேசை கொடுத்தவர்கள் சிலரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வணிக பீடமும் யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமாவும் தொகுதி தொகுதியாக ஆட்களை உருவாக்குகின்றன. அவர்களும் பயிற்சிக்கு அதே சில கதவுகளையே தட்டுகிறார்கள்.

ஊரில் வேலையே இல்லை என்பது இதன் பொருளல்ல. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கங்கள், சிக்கன கடனுதவு சங்கங்கள் என்று வடமராட்சியில் கணக்குப் புத்தகம் வைக்கவேண்டிய அமைப்புகள் நிறைய. இவற்றின் கணக்காய்வு கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகிறது. கடைகளின் நிலையும் மாறுகிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது, பதிவுக்கான ஆண்டுப் புரள்வு எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாக இறங்கியது. முன்பு கொப்பியில் எழுதி முடித்த நெல்லியடி மொத்த வியாபாரிக்கு இப்போது ஒழுங்கான காசேடும் விலைப்பட்டியல் கோப்பும் தேவைப்படலாம். வேலை இருக்கிறது, அந்த வேலை எந்தப் பயிற்சிப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒருவர் பத்தாண்டு ஒரு சங்கத்தின் கணக்கைச் சுத்தமாக எழுதியிருந்தாலும், மேலே கையொப்பமிடத் தகைமை பெற்ற ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பத்தாண்டும் தொழில்சார் அமைப்பின் பார்வையில் அனுபவமாகாது. இந்த நிலைமை அநியாயமானது. எழுதப்படவேண்டிய அளவுக்கு இது எழுதப்படவில்லை.

திறந்திருப்பவை

இதுவரை பார்த்த விடைகளில் எதுவும் முழுப் பிழையல்ல. அரச சேவையின் பக்கவழி அதற்குள் இருப்பவர்க்கு இன்னும் உண்டு. தகைமை எல்லை கடக்கும் என்பதும் உண்மை. சான்றிதழ் பெருகப் பெருக அதன் விலை குறையும் என்ற எச்சரிக்கையும் நிற்கிறது. ஆங்கிலம் ஓரளவு கைவசம் உள்ளவர், பயிற்சி தரக்கூடிய ஒருவரை முன்கூட்டியே கண்டுபிடித்தவர், வேலையை விடாமல் ஏ.ஏ.ரி. அளவிலிருந்து தொடங்குபவர் ஆகியோருக்கு மாற்றம் தகும் என்றே தோன்றுகிறது. பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பயிற்சி இடத்தைப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பவருக்கு அதே உறுதியைக் கொடுக்க முடியாது.

மூன்று விடயங்கள் தீராமல் இருக்கின்றன. முதலாவது, தொழில்சார் அமைப்புகள் தாளுக்குத் தாள் சித்தி வீதத்தை வெளியிடுகின்றன. பாதியில் நின்றவரின் வயதும் ஊரும் அந்த அட்டவணையில் வருவதில்லை. அது வராதவரை முப்பதுக்குப் பின் மாறுவதன் உண்மையான அபாயத்தை யாராலும் இலக்கத்தில் சொல்ல முடியாது.

இரண்டாவது, பிரித்தானிய, அவுஸ்திரேலிய நிறுவனங்களின் கணக்கு வேலை இணையவழி இலங்கைக்கு வருகிறது. உடுப்பிட்டியில் இருந்து அதைச் செய்பவருக்கு வெளிநாட்டிலுள்ள தகைமை பெற்ற மேற்பார்வையாளர் அனுபவத்தை உறுதிப்படுத்தினால், நானூறு கிலோமீற்றர் இல்லாமற்போகக்கூடும். ஆனால் அந்த வேலைகள் பெரும்பாலும் பதிவு போடும் அடிமட்டத்தைச் சேர்ந்தவை. கணினி முதலில் விழுங்கப்போவது அதையே.

மூன்றாவதே மிகவும் நம் கையில் இருப்பது. வடமராட்சியின் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில சேர்ந்து தகைமை பெற்ற ஒரு கணக்காளரை நியமித்து, அவருக்குக் கீழே பயிலுநர்களை வைத்து, பயிற்சி நிறுவனமாக அங்கீகாரம் கேட்டால் பட்டயக் கணக்காளர் நிறுவகம் என்ன சொல்லும்? ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு இருக்கும் புலம்பெயர் கணக்காளர் ஒருவர் அந்த நாற்காலியில் மூன்றாண்டு இருக்க முன்வருவாரா? பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை அந்தச் சம்பளத்துக்கு ஒதுக்குமா?